வாசகர் கேள்வி–பதில்: களிமண்ணில் சாலை, சுண்ணாம்பும் சாம்பலும்

டெல்டா வட்டங்களிலிருந்து சாலை மண்ணைப் பற்றிக் கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து விடை தந்திருக்கிறோம்.

எங்கள் ஊரில் வாய்க்கால் கரையோடு போகும் தார்ச்சாலை, கோடைதோறும் ஓரத்திலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி நீளவாக்கில் வெடிக்கிறது. தார் ஊற்றி அடைத்தால் மறு வருடம் பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பு. ஜல்லி கனத்தைக் கூட்டினால் நிற்குமா?
— ஊராட்சி மன்ற உறுப்பினர், நீடாமங்கலம்

நிற்காது. வெடிப்பு ஜல்லியில் தொடங்கவில்லை, அதற்குக் கீழே இருக்கும் களியில் தொடங்குகிறது. பழைய டெல்டாவின் கருங்களியில் மான்ட்மோரிலோனைட் வகைக் களிக் கனிமம் அதிகம். அதன் தாள் போன்ற அடுக்குகளுக்கு இடையே தண்ணீர் புகுந்தால் அடுக்குகள் விலகி மண் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது முதல் தை வரை உங்கள் சாலையின் இரு பக்கமும் ஈரம். மாசி தொடங்கி வைகாசி வரை வயலே விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். சாலையின் நடுப்பகுதியைத் தார் மூடியிருப்பதால் அங்கே ஈரம் அதிகம் மாறுவதில்லை. ஓரம் மட்டும் ஏறி இறங்குகிறது. அசையாத நடுவும் அசைகிற ஓரமும் சந்திக்கும் கோட்டில்தான் சாலை கிழிகிறது. அந்தக் கோடுதான் உங்கள் இரண்டடி.

மண் எவ்வளவு உப்பும் என்பதைச் சின்னச் சோதனையிலேயே பார்த்துவிடலாம். இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 2720-இன் 40-ஆம் பகுதியில் உள்ளது அது. அடுப்பில் உலர்த்தி 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண்ணைப் பத்துப் பத்து கிராமாக இரண்டு 100 மி.லி. அளவுக் குழாய்களில் போடுங்கள். ஒன்றில் வடிநீர், மற்றதில் மண்ணெண்ணெய். கண்ணாடிக் குச்சியால் கிளறிக் காற்றை வெளியேற்றி 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது. அதில் மண் 11 மி.லி. வரையும் தண்ணீரில் 21 மி.லி. வரையும் நின்றால், வித்தியாசமான 10-ஐ 11-ஆல் வகுத்தால் 91 சதவீதம். ஃப்ரீ ஸ்வெல் இண்டெக்ஸ் என்பது இதுதான். 50-க்குக் கீழே என்றால் குறைந்த உப்பல், 50 முதல் 100 வரை நடுத்தரம், 100-க்கு மேல் கடுமை, 200-ஐத் தாண்டினால் மிகக் கடுமை. 50-ஐத் தாண்டிய மண்ணை மேட்டுக்குக் கொட்டவே கூடாது என்பது மத்திய சாலைத் துறையின் வரைமுறை.

வல்லம், கந்தர்வகோட்டைப் பக்கத்துச் செம்மண் கிராவல் உங்களுக்கு அருகில் கட்டுப்படியான விலைக்குக் கிடைத்தால், களியைத் தோண்டி எடுத்துவிட்டு அதைப் போடுவதே எளிது. அப்படிக் கிடைக்காத இடத்தில்தான் களியையே சுண்ணாம்பாலும் ஆலைச் சாம்பலாலும் திருத்துவது லாபம். எதைச் செய்தாலும் தார் முடியும் இடத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இரு பக்கமும் அரை மீட்டராவது பெர்முக்குள் (தாருக்கு வெளியே உள்ள மண் ஓரத்துக்குள்) நீட்டிச் செய்தால் ஈரம் மாறும் கோடு சக்கரத் தடத்தை விட்டு வெளியே போய்விடும். வெடிப்பு வந்தாலும் பெர்மில் வரும். அங்கே வந்தால் சாலைக்குச் சேதமில்லை.

எஸ்டிமேட்டில் 4 சதவீதம் சுண்ணாம்பு, 12 சதவீதம் ஃப்ளை ஆஷ் (அனல் நிலையச் சாம்பல்) என்று இருக்கிறது. இது எங்கள் மண்ணுக்குப் போதுமா என்று எப்படிப் பார்ப்பது? மூட்டைக் கணக்கையும் சொல்லுங்கள்.
— தள மேற்பார்வையாளர், மன்னார்குடி

முதலில் சுண்ணாம்பு. சலித்த மண் 25 கிராம் வீதம் ஐந்து பாட்டில்களில் போட்டு, 2, 3, 4, 5, 6 சதவீதம் வருமாறு 0.5, 0.75, 1.0, 1.25, 1.5 கிராம் நீற்றிய சுண்ணாம்பு சேருங்கள். ஒவ்வொன்றிலும் 100 மி.லி. வடிநீர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் குலுக்கி, ஒரு மணி நேரம் கழித்து பி.எச். பாருங்கள். 12.4-ஐத் தொடுகிற மிகக் குறைந்த அளவுதான் அந்த மண் தானாகத் தின்கிற சுண்ணாம்பு.

இதில் நம் ஊர் வெயில் ஒரு குழப்பத்தை உண்டாக்கும். 12.4 என்பது 25 டிகிரியில் தெளிந்த சுண்ணாம்பு நீரின் அளவு. அதே சுண்ணாம்பு நீர் 30 டிகிரியில் சுமார் 12.3, 35 டிகிரியில் 12.1 என்றுதான் காட்டும். பங்குனி மாதத்தில் விசிறிகூட இல்லாத தளக் கொட்டகையில் வைத்துப் பார்த்தால் எந்தப் பாட்டிலும் 12.4-க்கு வராது. மண் சரியில்லை என்று சுண்ணாம்பைக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஆறாவதாக ஒரு பாட்டிலில் மண் இல்லாமல் சுண்ணாம்பும் தண்ணீரும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டில் காட்டும் எண்ணை எட்டுகிற முதல் மண் பாட்டிலே உங்கள் விடை. தளத்தில் காற்றில் போவதற்கும் சரியாகக் கலக்காததற்கும் 1 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். சோதனையில் 3 வந்திருந்தால் எஸ்டிமேட்டின் 4 சரி. சோதனையிலேயே 5 வந்தால் 4 போதாது. சாம்பலைக் கூட்டி அதை ஈடுகட்ட முடியாது.

சாம்பலின் வேலை வேறு. சுண்ணாம்பு முதல் ஓரிரு நாளில் களியின் பிசுக்கை உடைத்து அதை உதிரியாக்குகிறது. மிச்சமிருக்கும் சுண்ணாம்பு, சாம்பலில் உள்ள சிலிக்கா அலுமினாவோடு வாரக்கணக்கில் மெல்ல வினைபுரிந்து சிமெண்டைப் போல இறுகுகிறது. மேட்டூர், தூத்துக்குடி அனல் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பலில் கால்சியம் குறைவு. சுண்ணாம்பு இல்லாமல் அதை மட்டும் கொட்டினால் களியில் மணலைக் கலந்த மாதிரிதான். சுண்ணாம்புக்குச் சாம்பல் ஒன்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு வரை போகலாம்; உங்களுடைய ஒன்றுக்கு மூன்று நல்ல விகிதம். சாம்பல் குட்டையிலிருந்து அள்ளிய ஈரச் சாம்பல் வேண்டாம். கலனிலிருந்து நேராக வரும் உலர்ந்த நுண்சாம்பலைக் கேளுங்கள். வினை நடப்பது அதில்தான். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சாம்பலின் குணமே வேறு, அதைக் கீழே சொல்லியிருக்கிறோம்.

இனி மூட்டைக் கணக்கு. கலவையின் உச்ச உலர் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1,550 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மண் 1, சுண்ணாம்பு 0.04, சாம்பல் 0.12 சேர்ந்தால் 1.16; அதனால் வகுத்தால் அதில் மண் மட்டும் 1,336 கிலோ. 15 செ.மீ. அடுக்கில் ஒரு சதுர மீட்டருக்கு மண் 200 கிலோ, சுண்ணாம்பு 8 கிலோ, சாம்பல் 24 கிலோ. 25 கிலோ சுண்ணாம்பு மூட்டை ஒன்று 3.1 சதுர மீட்டருக்கு வரும். 3.75 மீட்டர் சாலையும் இரு பக்கமும் அரை அரை மீட்டரும் சேர்த்து அகலம் 4.75 மீட்டர். குறுக்கே மூன்று மூட்டை, அடுத்த வரிசை இரண்டு மீட்டர் தள்ளி. மூட்டைகளை அந்தந்த இடத்தில் வைத்து முடித்த பிறகுதான் பிரிக்க வேண்டும். லாரியிலிருந்து அள்ளி வீசினால் அளவு நிற்காது. இரண்டு அடுக்கு, ஒரு கிலோமீட்டருக்குச் சுண்ணாம்பு 76 டன், சாம்பல் 228 டன்.

சுண்ணாம்பின் தூய்மையைக் கட்டாயம் பாருங்கள். ஆய்வகத்தில் 85 சதவீதத் தூய்மையில் அளவு போட்டு, வந்து இறங்கியது 70 சதவீதம் என்றால் 8 கிலோவுக்குப் பதில் 9.7 கிலோ போட வேண்டும்.

ஆய்வகத்தில் 28-ஆம் நாள் வலு நன்றாக வந்தது. சாலையில் தோண்டி எடுத்த மாதிரியில் அதில் பாதிகூட இல்லை. சாம்பலில் கோளாறா?
— உதவிப் பொறியாளர், திருத்துறைப்பூண்டி

சாம்பலைச் சந்தேகிக்கும் முன் தோண்டிய குழியில் ஒரு கட்டியை எடுத்து இரண்டாக உடைத்துப் பாருங்கள். மேலே சாம்பல் பூசிய வெளிர் தோல், உள்ளே பளபளவென்று கருங்களி, நகத்தால் கீறினால் மெழுகு போல வழுக்கும். அப்படி இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. ஆய்வகத்தில் மண்ணைப் பொடித்துச் சலித்துக் கலக்கிறோம். தளத்தில் கட்டியின் மேல் பூச்சுதான் பூசுகிறோம். மழை வந்ததும் உள்ளே இருக்கும் பச்சைக் களி வழக்கம்போல உப்பும்.

களி வேலையில் பாதி வெற்றி பொடிப்பதில் இருக்கிறது. இந்த இடத்தில் அவசரப்பட்டால் பின்னால் எதைப் போட்டும் சரிக்கட்ட முடியாது. பச்சை ஈரத்தில் உழுதால் களி பாளம் பாளமாகப் புரளும். காய்ந்து போனால் கல்லாகிவிடும். இரண்டுக்கும் நடுவில், கட்டியை மிதித்தால் உதிர்கிற பதத்தில்தான் இறங்க வேண்டும். நம் பக்கத்து டிராக்டர் ரோட்டவேட்டர் போதும், ஆனால் ஒருமுறை ஓட்டினால் போதாது. கலவை எல்லாமே 26.5 மி.மீ. சல்லடையில் இறங்கி, 80 சதவீதமாவது 5.6 மி.மீ.-இல் இறங்கும் வரை திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். ரோட்டவேட்டர் கத்தி உண்மையில் எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று குழி வெட்டி அளந்து பாருங்கள். ஓட்டுநர் சொல்வது ஒன்று, கத்தி இறங்குவது ஒன்று. 15 செ.மீ. அடுக்குக்கு உதிரி மண் 20 செ.மீ.-க்கு மேல் இருக்கும். கத்தி 12 செ.மீ. மட்டும் இறங்கினால் அடியில் ஒரு பட்டை சுண்ணாம்பே படாமல் கிடக்கும்.

கடுமையான களியில் சுண்ணாம்பை இரண்டு தவணையாகப் போடுவது நல்லது. முதல் நாள் பாதிச் சுண்ணாம்பைப் பரப்பிக் கலந்து, தண்ணீர் தெளித்து, ரோலரால் லேசாக மூடி ஒன்றிரண்டு நாள் ஊற விடுங்கள். மறுபடி பிரிக்கும்போது களி ரவை போல உதிர்ந்து வரும், அந்த மாற்றம் கையிலேயே தெரியும். அப்போது மீதிச் சுண்ணாம்பையும் சாம்பலையும் போட்டுக் கலக்குங்கள். சாம்பலை முதல் நாளே போட்டு ஊற வைத்தால் இறுக வேண்டியது ரோலர் வருவதற்கு முன்பே இறுகத் தொடங்கிவிடும்.

கலந்தாயிற்றா என்று கண்ணால் முடிவு செய்ய வேண்டாம். புதிதாக வெட்டிய குழியின் சுவரில் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். சுண்ணாம்பு சேர்ந்த இடம் அடர் ரோஜா நிறமாகும், சேராத இடம் மண் நிறத்திலேயே நிற்கும். மேலிருந்து அடிவரை ஒரே நிறம் வர வேண்டும். ரோஜா நடுவே கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் கட்டி, அடியில் கறுப்புப் பட்டை தெரிந்தால் கத்தி இறங்கவில்லை. சுண்ணாம்பு இருக்கிறதா என்றுதான் நிறம் சொல்லும், போதுமான அளவா என்று சொல்லாது.

கலவை மிக நன்றாக இறுகும் உகந்த ஈரத்தை விட இரண்டு சதவீதம் கூடுதலாக வைத்து, ஆட்டுக்கால் ரோலரில் தொடங்கிச் சமதள ரோலரில் முடியுங்கள். கலக்கியதிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் இறுக்கி முடிக்க வேண்டும். உங்கள் சுற்று வட்டாரத்தில் அடிக்கடி எழும் இன்னொரு சிக்கலும் உண்டு. அடர்த்தி சோதிக்க வருபவர் பச்சை மண்ணின் பிராக்டர் எண்ணை (ஆய்வகத்தில் இடித்து இறுக்கிக் காணும் உச்ச அடர்த்தியை) வைத்துக்கொண்டு சரியாக இறுகவில்லை என்பார். சுண்ணாம்பு சேர்ந்தால் உச்ச அடர்த்தி குறையும், உகந்த ஈரம் கூடும். அதே கலவையை, தளத்தில் ஆகும் அதே நேரம் காத்திருக்க வைத்துச் செய்த பிராக்டர் எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

பிறகு ஏழு நாள் ஈரம் காயக் கூடாது. டேங்கரில் மெல்லிய தூவலாகத் தண்ணீர் தெளிக்கலாம், அல்லது தார் எமல்ஷன் அடித்து மூடிவிடலாம். மேல் தோல் ஒருமுறை காய்ந்து பொருக்காகிவிட்டால் அது மறுபடி ஒட்டாது; சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மேல் அடுக்கைப் போட வேண்டும். அந்த ஏழு நாளும் வண்டி கூடாது. செயின் வைத்த அறுவடை இயந்திரம் ஒருமுறை திரும்பினாலே அடுக்கு பெயர்ந்துவிடும்.

எங்கள் அரிசி ஆலையில் உமிச் சாம்பல் மலை போலக் குவிகிறது. சாலைக்கு எடுத்துக்கொள்வார்களா?
— ஆலை உரிமையாளர், கும்பகோணம்

எடுக்கலாம், எல்லாச் சாம்பலையும் அல்ல. ஒரு டன் நெல்லில் உமி சுமார் 200 கிலோ, அதிலிருந்து சாம்பல் சுமார் 40 கிலோ. அதில் 85 முதல் 90 சதவீதம் வரை சிலிக்கா. 500 முதல் 700 டிகிரிக்குள் எரிந்திருந்தால் அந்த சிலிக்கா வினைபுரியும் நிலையில் இருக்கும். அதைவிடக் கூடுதல் சூட்டில் நெடுநேரம் கிடந்தால் படிகமாகி மந்தமாகிவிடும். சரியாக எரியாமல் வந்தால் கரி மிஞ்சும். உங்கள் கொதிகலன் சாம்பல் கன்னங்கரேலென்று இருந்தால் கரி அதிகம். அது தண்ணீரைக் குடிக்கும், வலுவைத் தராது. சாம்பல் நிறத்திலோ வெளுத்தோ இருப்பதைத் தனியாகக் குவித்து வையுங்கள்.

உமிச் சாம்பலில் சுண்ணாம்பு கிட்டத்தட்ட இல்லை, ஆகையால் தனியாக அது எதையும் இறுக்காது. மண்ணில் 6 முதல் 10 சதவீதம் உமிச் சாம்பல், 3 முதல் 5 சதவீதம் சுண்ணாம்பு என்ற எல்லைக்குள் சோதனைக் கலவை போட்டுப் பார்க்கலாம். மிக இலேசானது என்பதால் காற்றில் பறக்கும். ஆலையிலேயே சிறிது ஈரப்படுத்தி, தார்ப்பாய் போட்டு அனுப்புங்கள். அளப்பது உலர் எடையில் இருக்கட்டும். லோடு கணக்கில் அளந்தால் ஒவ்வொரு லோடிலும் வேறு வேறு அளவு வரும்.

கடற்கரைப் பக்கம் சுண்ணாம்பு போட்டுத் திருத்திய சாலை, மழைக்குப் பிறகு பல இடங்களில் மேடு தட்டி எழும்பிவிட்டது. உப்பல் குறையத்தானே சுண்ணாம்பு போட்டோம்?
— ஒப்பந்ததாரர், வேதாரண்யம்

இதற்குப் பெரும்பாலும் காரணம் சல்பேட். சுண்ணாம்பின் கால்சியமும் களியின் அலுமினாவும் மண்ணில் உள்ள சல்பேட்டும் தண்ணீரோடு கூடினால் எட்ரிங்கைட் என்ற படிகம் வளரும். அதன் வாய்பாட்டிலேயே 32 நீர் மூலக்கூறுகள் உண்டு, அவ்வளவு தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு ஊசி ஊசியாகப் பருக்கும். இறுகிப்போன அடுக்குக்குள் அது வளர இடமில்லாததால் சாலையையே தூக்கும். இயற்கைக் களியின் உப்பலைவிட இது மோசம்.

கடல்நீரில் லிட்டருக்கு 2.7 கிராம் அளவுக்குச் சல்பேட் உண்டு. உவர் ஏறிய மண்ணிலும் உப்பளப் பக்கத்து நீரிலும் அது தங்கியிருக்கும். ஆகவே மண்ணோடு சேர்த்து டேங்கர் தண்ணீரையும் சோதியுங்கள். மண்ணில் சல்பேட் 0.2 சதவீதத்தைத் தாண்டினால் சுண்ணாம்பை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். 1 சதவீதத்தை நெருங்கினால் சுண்ணாம்பு, சிமெண்ட் இரண்டையும் விட்டுவிட்டு மண்ணை மாற்றுவதே நல்லது. நடுவில் இருக்கும் மண்ணுக்கு இரும்பு உலைக் கசடை அரைத்த ஜி.ஜி.பி.எஸ். தூள் கைகொடுக்கும். சுண்ணாம்பில் 60 முதல் 80 சதவீதத்தைக் குறைத்து அந்த இடத்தில் கசடுத் தூளைப் போட்டால் சல்பேட் உப்பல் வெகுவாக அடங்கும் என்பது ஆய்வுகளில் நிலைபெற்ற முடிவு. உங்கள் மண்ணில் அது உண்மையா என்று பார்க்க, அச்சில் இறுக்கிய கட்டியைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவிட்டு உயரத்தை அளக்க வேண்டும். மண்ணின் தாங்கும் வலுவைப் பார்க்க நான்கு நாள் ஊறவைக்கும் சி.பி.ஆர். சோதனை மட்டும் இதைக் காட்டிக் கொடுக்காது.

நெய்வேலிச் சாம்பலையும் இங்கேதான் சொல்ல வேண்டும். அதில் கால்சியம் கூடுதல், தானாகவும் ஓரளவு இறுகும், டெல்டாவுக்குப் பக்கத்திலும் இருக்கிறது. ஆனால் அதோடு சல்பேட்டும் வரும். லோடு வந்ததும் சல்பேட் பார்த்துவிட்டு எடுங்கள். வேகமாக இறுகும் என்பதால் மூன்று மணி நேரம் காத்திருக்க முடியாது, இரண்டு மணிக்குள் ரோலர் வேலை முடிய வேண்டும். உரத் தொழிற்சாலை பாஸ்போஜிப்சத்தை யாராவது மலிவாகத் தருவதாகச் சொன்னால் களியும் சுண்ணாம்பும் உள்ள இடத்தில் சேர்க்காதீர்கள். அது முழுக்கவே கால்சியம் சல்பேட்.

வெல்டிங் கேஸ் தயாரிக்கும் இடத்தில் கிடைக்கும் வெள்ளைக் கசடைச் சுண்ணாம்புக்குப் பதில் போடலாமா?
— திருவெறும்பூர்

போடலாம். நீங்கள் சொல்லும் கார்பைடு கசடு பெரும்பாலும் நீற்றிய சுண்ணாம்புதான். பழைய குவியல் காற்றுப் பட்டுப்பட்டு வெறும் சுண்ணாம்புக்கல் தூளாகியிருக்கும், புதிதாக வெளிவந்ததை மட்டும் எடுங்கள். ஈரமாக வருவதால் உலர் எடையில் கணக்கிடுங்கள். மிச்ச வாயு இருக்கலாம். குவியல் பக்கத்தில் பீடி, தீ எதுவும் வேண்டாம்.

வயலை ஒட்டிச் சாம்பல் சாலை போடப் போகிறார்கள். நாற்றங்காலும் கிணறும் பக்கத்திலேயே இருக்கின்றன. பயப்பட வேண்டுமா?
— விவசாயி, திருவையாறு

பயம் நியாயமானது. நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், போரான் போன்றவை சிறிதளவு உண்டு. இறுகிச் சாலைக்குள் அடைபட்ட சாம்பலைவிட, மழையில் நனைந்து திறந்து கிடக்கும் குவியல்தான் உங்களுக்குத் தீங்கு. சுண்ணாம்புக் கரைசல் வாய்க்காலில் இறங்கினால் மீன் சாகும், நாற்றும் கருகும். ஆகையால் வேலை தொடங்கும் முன் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: அன்றன்று பரப்புகிற அளவு மட்டுமே சாம்பல் இறக்க வேண்டும், மிச்சத்தைத் தார்ப்பாயால் மூட வேண்டும், வயல் பக்கம் மண் வரப்பு போட வேண்டும், காற்று பலமாக வீசும் நேரத்தில் சுண்ணாம்பு பிரிக்கக் கூடாது. திருத்திய அடுக்கின் அடி, நிலத்தடி நீர் ஏறும் உச்ச மட்டத்துக்கு 60 செ.மீ. மேலாவது இருக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரை வேலைக்கு முன் ஒருமுறை சோதித்து அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வேலையாட்களுக்குக் கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். சுட்ட சுண்ணாம்பு வியர்வையில் பட்டாலே பொத்துவிடும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டெண்டர் முடிந்து வேலை உத்தரவு ஏப்ரல் கடைசியில்தான் வரும். தொடங்கலாமா, அடுத்த வருடத்துக்குத் தள்ளலாமா?
— ஒப்பந்ததாரர், பட்டுக்கோட்டை

நாள் கணக்குப் போட்டுப் பாருங்கள். மேட்டூரில் வழக்கப்படி ஜூன் 12-இல் தண்ணீர் திறந்தால் சில நாளில் கல்லணை, பிறகு உங்கள் வாய்க்கால். சுண்ணாம்பும் சாம்பலும் ஓரளவு இறுக 28 நாள் வேண்டும். வெயில் அதற்கு நல்லது. அப்படியானால் கடைசி அடுக்கு மே 10-க்குள் ரோலர் பட்டிருக்க வேண்டும். ஏப்ரல் 25-இல் உத்தரவு கிடைத்தால் கையில் இருப்பது பதினைந்து நாள். ஒரே ரோட்டவேட்டரை வைத்துக்கொண்டு, பொடித்து, ஊறவிட்டு, இரண்டு அடுக்கு போட ஒரு கிலோமீட்டர் முழுவதும் முடியாது. அரைக் கிலோமீட்டரை ஒழுங்காக முடிக்கலாம். வாய்க்காலை ஒட்டிய பகுதியை முதலில் எடுத்துக்கொண்டு, மீதியை அடுத்த மாசிக்கு வையுங்கள். இடையில் வரும் அக்டோபர், நவம்பர் மழைக்குள், திருத்திய பகுதியின் மேல் ஜல்லி அடுக்கும் தாரும் விழுந்திருக்க வேண்டும். பெர்மையும் வெளிப்பக்கம் சரித்து, தண்ணீர் தேங்காமல் விடுங்கள்.